ஐந்து மணி லாரிகள்

ஆடி 5, செவ்வாய்

விளக்கு பூஜை முடிந்தபின் எங்கள் கூடத்தில் இருந்தவர்கள்: நான். பக்கத்துக் குவார்ட்டர்ஸ் வசந்தா. எதிர்வீட்டு பிலோமினா டீச்சர் (பூஜைக்கு வரமாட்டார், சுண்டலுக்கு வருவார், அவரே சொல்வது). என் மகள் கார்த்திகா, வீட்டுப்பாடத்தோடு. வாசற்படியில் அஞ்சலை, எங்கள் தெருவைக் கூட்டும் கான்ட்ராக்ட் ஆள், தண்ணீர் கேட்டு வந்தவள். இவர் உள்ளே தூக்கம், நைட் ஷிஃப்ட் முடித்த களைப்பு. கணக்கில் சேர்க்கவில்லை.

காலையிலிருந்து காற்று. கொடியில் காய்ந்த வெள்ளைச் சட்டை எல்லாம் சாம்பல் நிறம். திரும்ப அலசியது.

பேச்சு லாரியைப் பற்றி. வெளி ரோட்டில் பாலம் வேலை ஆரம்பித்ததிலிருந்து அனல்மின் நிலையச் சாம்பல் லாரி, மண் லாரி எல்லாம் டவுன்ஷிப் வாசல் ஆர்ச்சுக்குள் நுழைந்து, மெயின் பஜார் வழியாக, பள்ளிக்கூடத்தை உரசிக்கொண்டுதான் போகின்றன. போன வாரம் டீச்சர் வகுப்புப் பெண் ஒருத்தியின் புத்தகப்பை லாரிக் கொக்கியில் மாட்டிக்கொண்டது. பிள்ளையும் கூடவே இழுபட்டது. பை கிழிந்ததால் தப்பித்தாள். டீச்சர் இதைச் சொல்லும்போது சுண்டல் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டார். பிறகு எடுக்கவே இல்லை.

கார்த்திகா தினமும் சைக்கிளில் கடக்கிற முனை அது.

முடிவு: டவுன்ஷிப் ஆபீசுக்கு மனு. பிள்ளைகள் போகிற நேரம், வருகிற நேரம், இரண்டு வேளையும் கனரக வண்டிக்குத் தடை வேண்டும். எழுத வேண்டியது நான். என் படிப்பு எட்டாவது. மீதி எல்லாம் பொட்டலம் கட்டி வந்த பேப்பரையும் கோயில் புத்தகத்தையும் எழுத்துக்கூட்டிப் படித்து வந்தது. தயங்கினேன். வசந்தா விடவில்லை. "நீங்களே எழுதுங்க்கா. உங்க மளிகை லிஸ்ட்டே கவர்மெண்டு ஆர்டராட்டம் இருக்கும்" என்றாள்.

காலை நேரத்தில் பிரச்சினை இல்லை. மாலை நேரம்தான் யோசித்துப் போட வேண்டியிருந்தது. பள்ளி விடுவது, முதல் ஷிஃப்ட் பஸ் வருவது, ஜெனரல் ஷிஃப்ட் ஆட்கள் ஸ்கூட்டரில் வீடு சேருவது, ஒவ்வொன்றாகக் கேட்டேன். மாலை மூன்றரை முதல் ஐந்து வரை என்று எழுதினேன். வசந்தா விரல்விட்டுச் சரிபார்த்து, நம் ஆட்கள் எல்லாரும் அதற்குள் வீட்டுக்கு வந்துவிடுவார்கள், ஒருத்தரும் விட்டுப்போகவில்லை என்றாள்.

பெயருக்கு எதிரே வீட்டுக்காரரின் எம்ப்ளாயி நம்பர். இங்கே எந்த மனுவுக்கும் அதுதான் முறை. குழாய் ஒழுகினாலும் நம்பர், மரக்கிளை முறிந்தாலும் நம்பர். நம்பர் இல்லாத காகிதம் மேசையை விட்டு நகராது. டீச்சர் மட்டும், கம்பெனிப் பள்ளியில் வேலை என்பதால், தன் சொந்த நம்பரைப் போட்டார்.

அஞ்சலை டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனாள்.

கணக்கு: பால், பூ, சுண்டல் சாமான். எழுதியாயிற்று.

ஆடி 6, புதன்

மனு கொடுத்தது. முத்திரை குத்தி வாங்கிக்கொண்டார்கள்.

இவருக்குக் கோபம். தன்னைக் கேட்காமல் நம்பர் போட்டது தப்பாம். அடுத்த மாதம் புரமோஷன் லிஸ்ட் வருகிறதாம், இந்த நேரத்தில் தன் நம்பர் எந்த ஃபைலிலும் தலைகாட்டக் கூடாதாம். நீங்கள் தூங்கினீர்கள் என்றேன். சாப்பாட்டில் இரண்டாவது முறை ரசம் கேட்டார். கோபம் பாதி போய்விட்டது என்று அர்த்தம்.

கேஸ் பதிவு செய்தது. கார்த்திகாவுக்கு ஜியாமெட்ரி பாக்ஸ் வேண்டும்.

ஆடி 11, திங்கள்

இன்று முதல் தடை. ஆர்ச் பக்கம் போர்டு வைத்துவிட்டார்கள், செக்யூரிட்டி ஒருவரும் நிற்கிறார். நாம் எழுதின அதே நேரம், ஒரு எழுத்துக்கூட மாறவில்லை. வசந்தா போட்டோ எடுத்து எல்லோருக்கும் அனுப்பினாள்.

கார்த்திகா வந்ததும் ரோடு மைதானம் மாதிரி இருந்தது, நடுவில் ஓட்டிக்கொண்டு வந்தேன் என்றாள். ஓரமாக வரச்சொல்லித் திட்டினேன். திட்டும்போதே சிரிப்பு வந்துவிட்டது.

முருகன் படத்துக்குச் செவ்வரளி. எட்டாவது படித்தவள் எழுதின மனுவை எடுத்து நடத்தினாயே அப்பா என்று நின்றேன். கொஞ்சம் கர்வமாகத்தான் நின்றேன்.

ஆடி 12, செவ்வாய்

பூஜைக்கு மூன்று பேர் கூடுதல். மனு எழுதினவர் யார் என்று பார்க்க வந்தார்களாம். டீச்சர் என்னைக் கலெக்டர் அம்மா என்கிறார்.

வெல்லம் குறைவாக இருந்தது, வெள்ளிக்கிழமை மாவிளக்கு போட வேண்டும். அதனால் சாயங்காலம் பஜாருக்குப் போனேன். மணி ஐந்து ஆகிற நேரம்.

ஆர்ச்சுக்கு வெளியே கண்ணுக்கெட்டிய வரை லாரி. மூன்றரையிலிருந்து நிறுத்தி வைத்தவை எல்லாம் அங்கேயே சேர்ந்திருக்கின்றன. எல்லா எஞ்சினும் உறுமிக்கொண்டு. செக்யூரிட்டி கயிற்றை அவிழ்த்தார், அவ்வளவுதான். ஒன்றை ஒன்று முந்திக்கொண்டு உள்ளே வந்தன. ட்ரிப்புக்குத்தான் அவர்களுக்குக் கூலி. போன நேரத்தைப் பிடிக்க வேண்டும். கடைக்காரர் வெல்லத்தை நிறுத்துக்கொண்டிருந்தவர் தட்டைக் கையால் மூடிக்கொண்டார், அவ்வளவு தூசி.

எதிர்த்திசையில், உள்ளிருந்து ஆர்ச்சைப் பார்த்து, பச்சைச் சேலைப் பெண்கள் வரிசையாக நடந்து வந்துகொண்டிருந்தார்கள். கூட்டுகிறவர்கள், தோட்ட வேலைக்காரர்கள். கையில் சோற்றுத் தூக்கு. ஓரத்தில் நடக்க இடமில்லை, ஒரு பக்கம் நிறுத்திய வண்டிகள், ஒரு பக்கம் கால்வாய். லாரிக்கும் கால்வாய்க்கும் நடுவில் ஒவ்வொருத்தியும் உடம்பைச் சரித்துக்கொண்டு.

அந்தக் கூட்டத்தில் அஞ்சலை இருந்தாளா, தெரியவில்லை. முகம் பார்க்க முடியவில்லை. முந்தானையால் மூடியிருந்தார்கள்.

வெல்லத்தை வாங்காமலே வந்துவிட்டேன். வழியில்தான் நினைவு வந்தது.

ஆடி 13, புதன்

அஞ்சலை நொண்டிக்கொண்டு வந்தாள். முட்டிக்குக் கீழே துணிக்கட்டு. என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

"கால்வாய்ல எறங்கினேம்மா. குளிச்சி நாளாச்சேன்னு."

பிறகுதான் விவரமாகச் சொன்னாள். நேற்று ஐந்து மணிக் கூட்டத்தில் ஒரு லாரி இன்னொன்றை முந்தி ஓரத்துக்கு வந்துவிட்டது. அவள் குதித்தாள். பின்னால் வந்தவளையும் கையைப் பிடித்து இழுத்துப் போட்டாள். தூக்கு ரோட்டில் விழுந்து சக்கரத்துக்கடியில் போயிற்று. தகடாகிவிட்டதாம்.

"முன்னெல்லாம் ஒண்ணு ஒண்ணா வரும். ஒதுங்கிக்குவோம், போயிரும். இப்ப அவுத்துவுட்ட மந்தை கணக்கா மொத்தமா வருது. நாங்களும் கையெழுத்துப் போட்டுட்டு அதே நேரத்துக்குத்தான் நடந்துகினு போறோம்."

உங்களுக்கு எத்தனை மணிக்கு விடுவார்கள் என்று கேட்டேன். துடைப்பத்தை நிறுத்தி என்னைப் பார்த்தாள். இந்தத் தெருவுக்கு அவள் வர ஆரம்பித்தபோது கார்த்திகா இடுப்பில் இருந்தாள்.

ஐந்து மணிதானாம். கான்ட்ராக்ட் ஆட்கள் எல்லாருக்கும் ஐந்து மணிக்குத்தான் கையெழுத்து. கொஞ்ச நேரம் உள்ளேயே உட்கார்ந்து லாரி போனபின் போகக்கூடாதா என்றேன். ஆர்ச்சுக்கு வெளியே சேத்தியாத்தோப்பு பஸ் அஞ்சேகாலுக்கு. அதை விட்டால் அடுத்தது இருட்டிவிடும். இறங்கி அவள் ஊர் வளையமாதேவிக்கு நடக்க வேண்டும்.

நம் ஆட்கள் எல்லாரும் வந்துவிடுவார்கள் என்று வசந்தா சொன்னபோது அஞ்சலை எங்கள் வாசலில்தான் நின்றாள். ஷிஃப்ட் என்றால் எங்களுக்குப் பர்மனெண்ட் ஆட்கள் ஷிஃப்ட்தான். வேறு ஒன்று இருக்கிறது என்று என் பேனாவுக்குத் தோன்றவே இல்லை. அன்றைக்கே சொல்லியிருக்கலாமே அஞ்சலை என்றேன். சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"நம்பரு போட்டு எழுதிகினு இருந்தீங்க. எங்கிட்ட ஏதும்மா நம்பரு?"

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. கொஞ்சம் தூரம் கூட்டிவிட்டுத் திரும்பி, "நீங்க நல்லதுதாம்மா பண்ணீங்க. உங்க புள்ளைங்களுக்கு" என்றாள்.

மஞ்சளும் தேங்காய் எண்ணெயும் சூடாக்கிக் கொடுத்தேன். என் பழைய தூக்கு ஒன்றையும். தூக்கை வாங்கிக்கொண்டாள். எண்ணெய் வேண்டாம், வீட்டில் இருக்கிறது என்றாள்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு விளக்கு முன்னால் உட்கார்ந்தேன். வாய் மந்திரம் சொல்கிறது, காது ஆர்ச் பக்கம்.

ஆடி 14, வியாழன்

வசந்தாவிடம் சொன்னேன். தடையை அரை மணி நீட்டச் சொல்லி எழுதலாம் என்று. அவள் முகம் மாறிவிட்டது.

லாரி உரிமையாளர்கள் ஏற்கனவே மேலே போய்ப் புகார் சொல்லியிருக்கிறார்களாம், ட்ரிப் குறைகிறதென்று. அவள் வீட்டுக்காரர் கேள்விப்பட்டு வந்த செய்தி. இப்போது நாமே போய் நேரம் சரியில்லை என்றால், அதையே சாக்காக வைத்து மொத்தத் தடையையும் எடுத்துவிடுவார்கள் என்கிறாள். அவள் பயமும் பொய் இல்லை. அவள் மகனும் கார்த்திகாவும் ஒன்றாகத்தான் போகிறார்கள்.

"ஏனுங்க்கா, நாளைக்குக் கார்த்திகா சைக்கிள் மேல லாரி ஏறுனா அஞ்சலை வந்து தூக்குவாளா?"

நேற்று முன்தினம் அவள் முன்பின் யோசிக்காமல் ஒருத்தியை இழுத்துப் போட்டிருக்கிறாள், தூக்குவாள் என்றேன். வசந்தா எழுந்து போய்விட்டாள். கொண்டுவந்த முறுக்கு டப்பாவை மறந்து வைத்துவிட்டாள். அனுப்பவில்லை. அனுப்பினால் சண்டை என்று ஆகிவிடும்.

இவரிடம் கேட்டேன். கான்ட்ராக்டரிடம் சொல்லி அவர்களைக் கொஞ்சம் முன்னால் விடச் சொல்லலாமா? சிரித்தார். ஐந்துக்கு ஐந்து நிமிஷம் முன்னால் கையெழுத்து வைத்தாலும் அரைநாள் சம்பளம் போய்விடுமாம். நீ இதில் தலையிடாதே, உன் வேலை முடிந்தது என்றார்.

முடிந்ததா?

மழை வரும் போல இருட்டி வந்தது. வரவில்லை. புழுக்கம் மட்டும்.

ஆடி 15, வெள்ளி

விடியற்காலை வேலுடையான்பட்டு முருகன் கோயில். ஆடி வெள்ளி, கூட்டம். தொண்டர்கள் கயிறு பிடித்துப் பத்துப் பத்துப் பேராக உள்ளே விட்டார்கள். முதலில் கைக்குழந்தைக்காரர்கள், வயதானவர்கள். அவர்கள் சந்நிதி தாண்டினபிறகு அடுத்த பத்து. நெரிசலே இல்லை. என் முறை வந்தபோது வேண்டிக்கொள்ள வந்தது மறந்துபோய், கயிற்றையே பார்த்துக்கொண்டு நின்றேன். பின்னாலிருந்த அம்மாள் நகரச் சொல்லி முதுகில் கை வைத்தார்.

மாவிளக்கு ஆயிற்று. வெல்லம் கடைசியில் டீச்சர் வீட்டில் கடன் வாங்கியது. திருப்பித் தர வேண்டும்.

சாயங்காலம் நான் அவர்களோடு நடந்தேன். அஞ்சலைக்கு இஷ்டமில்லை. வேடிக்கை பார்க்கிற இடமில்லை என்றாள். கேட்டு எழுதினது தப்பாகிவிட்டது, நடந்து பார்த்து எழுத வேண்டும் என்றேன். சரி, நடுவில் வாருங்கள் என்று சொல்லிவிட்டாள்.

லாரி சத்தம் முதலில் காலுக்குத்தான் வருகிறது. ரோடு நடுங்குகிறது. பிறகு காற்று. சேலை சக்கரத்தின் பக்கமாக இழுக்கிறது. முந்தானையை இடுப்பில் செருகிக்கொள்ளச் சொல்லி அஞ்சலை முன்பே ஏன் அதட்டினாள் என்று அப்போதுதான் புரிந்தது. முருகா முருகா என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். எனக்கே கேட்கவில்லை. முன்னால் போனவள் சட்டென்று நின்றாள், நான் அவள் முதுகில் மோதினேன். என் தோளுக்குப் பக்கத்தில் ஒரு டயர், என் தோளைவிட உயரம். அதன் வரியிடுக்கில் சிக்கிய கல்கூடத் தெரிந்தது.

கடைசியில் வந்த லாரி எங்களைப் பார்த்து நின்றுவிட்டது. டிரைவர் நடுத்தர வயது, கழுத்தில் ஈரத் துண்டு. அவரிடம் இப்படி ஓட்டலாமா என்று கேட்டுவிட்டேன். அவர் எட்டிப் பார்த்துச் சொன்னது:

"ஒன்றரை மணி நேரம் வெயில்ல கட்டிப்போட்டுட்டு ஒண்ணா அவுத்துவுடறாங்க. மெதுவாப் போனா பின்னால இருக்கறவன் மேல ஏத்துறான். எங்க வூட்லயும் நடக்கறவங்க இருக்காங்கம்மா."

பஸ் நின்றுகொண்டிருந்தது. அஞ்சலை ஏறினாள். படியில் நின்று கையால் போ போ என்று காட்டினாள். எனக்கு அந்த ரோட்டில் திரும்பி நடக்கத் தைரியமில்லை. ஷேர் ஆட்டோ.

இன்று எழுத்துச் சரியில்லை.

ஆடி 16, சனி

டவுன்ஷிப் ஆபீஸ். நானும் பிலோமினா டீச்சரும். வசந்தாவைக் கூப்பிடவில்லை. அவள் ஜன்னலில் நின்று பார்த்தாள்.

ஆபீசர் சின்னப் பையன், மரியாதையான பையன். எழுந்து நின்றுதான் பேசினார். ஆனால் அவர் சொன்னது நெஞ்சில் குத்திவிட்டது: "நீங்க கேட்ட நேரத்தைத்தானே மேடம் அப்படியே போட்டோம்?"

டீச்சர் ஆரம்பிப்பதற்குள் நானே சொன்னேன். தப்பாகக் கேட்டுவிட்டோம். இப்போது சரியாகக் கேட்க வந்திருக்கிறோம்.

நேரத்தை நீட்ட முடியாதாம், லாரித் தரப்பு ஒப்புக்கொள்ளாது. முன்னால் நகர்த்தினால் பள்ளி விடும் நேரம் அடிபடும். அப்போதுதான் கயிற்றைச் சொன்னேன். நேரம் அப்படியே இருக்கட்டும். ஐந்து மணிக்கு எல்லா லாரியையும் அவிழ்த்துவிட வேண்டாம். அந்தப் பெண்கள் ஆர்ச் தாண்டி பஸ் ஏறட்டும். அதன்பிறகு ஐந்தைந்து லாரியாக, முன்னது பஜாரைத் தாண்டினபிறகு அடுத்தது. கோயிலில் செய்கிறார்களே, அப்படி.

அவர் சிரிக்கவில்லை. பேனாவை மூடித் திறந்தார். இன்னொரு செக்யூரிட்டி தேவைப்படும், மாதக் கடைசிக் கூட்டத்தில் வைக்கிறேன், எழுதிக் கொடுங்கள் என்றார். மாதக் கடைசிவரை அவர்கள் நடக்க மாட்டார்களா என்று டீச்சர் கேட்டார், பள்ளிக்கூடக் குரலில். பையன் காது சிவந்துவிட்டது. சீக்கிரம் எழுதிக் கொடுத்தால் முன்னாலேயே பார்க்கிறேன் என்றார். பிறகு வழக்கம்போல், எம்ப்ளாயி நம்பர் மறக்காமல்.

திரும்பும்போது டீச்சர், நம்பரை நான் போடுகிறேன், என்னை யார் என்ன செய்வார்கள், இன்னும் இரண்டு வருஷத்தில் ரிட்டையர்டு என்றார்.

அஞ்சலையிடம் சொன்னேன். அவர்கள் பெயர்களையும் சேர்க்கலாமா என்று கேட்டேன். தலையை வேகமாக ஆட்டினாள். "எங்க பேரு வாணாம்மா. நாளைக்கே வேற ஆளை வெச்சிருவான். நாங்க நடக்கறோம், நீங்க எழுதுங்க."

ஆடி 17, ஞாயிறு

ஞாயிறு என்பதால் அவர்களுக்கு வேலை இல்லை. இன்று ஐந்து மணிக்குப் பயமில்லாமல் காபி குடித்தேன்.

நாளை ஆடிப்பெருக்கு. எலுமிச்சை சாதம், தேங்காய் சாதம், தயிர் சாதம். புளி கரைக்க வேண்டாம், இவருக்கு வயிறு சரியில்லை.

வசந்தா டப்பாவை எடுக்க வந்தாள். உட்காரவில்லை. கடிதத்தில் பள்ளி நேரத்தைக் குறைக்க வேண்டாம் என்று முதல் வரியிலேயே எழுதுவீர்களா என்று கேட்டாள். எழுதுவேன் என்றேன். கையெழுத்துப் போடுகிறேன் என்று சொல்லவில்லை. போடமாட்டேன் என்றும் சொல்லவில்லை. டப்பாவில் மீதியிருந்த முறுக்கைக் கார்த்திகாவிடம் கொடுத்துவிட்டுப் போனாள்.

இவரிடம் வெள்ளைத்தாள் கேட்டேன். தன் டைரியை மூடி, மேசை இழுப்பறையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். கொடுக்கும்போது சொன்னது: "என் நம்பர் வேண்டாம். உன் பேர்ல எழுது."

தடுக்கிறாரா, விடுகிறாரா, தெரியவில்லை. கல்யாணமாகி வந்ததிலிருந்து இந்த ஊரில் என் பெயர் மட்டும் எந்தக் காகிதத்திலும் தனியாக நின்றதில்லை. ரேஷன், ஆஸ்பத்திரி, குழாய், எல்லாவற்றிலும் இன்ன நம்பரின் மனைவி. நம்பர் இல்லாத காகிதம் நகராது. டீச்சர் நம்பர் ஒன்று இருக்கிறது, அதை வைத்து நகரட்டும்.

காலையில் கொடுக்க வேண்டியதை முதலில் இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

ஐயா, வணக்கம். பள்ளி நேரத் தடையைக் குறைக்க வேண்டாம். அதனால் பிள்ளைகள் நன்றாக இருக்கிறார்கள். ஆனால் மாலை நேரத்தைக் குறித்துக் கொடுத்தவள் நான். கான்ட்ராக்ட் பெண்கள் ஐந்து மணிக்கு வேலை முடித்து ஆர்ச்சுக்கு நடந்து போவதைக் கேட்காமல் குறித்துவிட்டேன். நிறுத்தி வைத்த லாரிகள் எல்லாம் அதே நேரத்தில் எதிரே வருகின்றன. ஒருவர் கால்வாயில் குதித்துத் தப்பினார். நானும் அவர்களோடு நடந்து பார்த்தேன். அவர்கள் பஸ் ஏறும்வரை லாரிகளை நிறுத்தி, பிறகு ஐந்தைந்தாக விட வேண்டும். கயிறு பிடிக்க ஆள் வரும்வரை, எங்கள் தெருப் பெண்களைக் கேட்டு முறை வைத்து நிற்கிறோம். முதல் முறை என்னுடையது. இன்று மாலையும் அவர்கள் அந்த வழியில்தான் நடப்பார்கள். பதிலைச் சீக்கிரம் சொல்லுங்கள்.